ஓடாத வண்டி என்ன பெறும்

ஜாசின்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஷாமினி எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம். அப்பாவும் நலம்தான். நீயும் நிவேந்திரன் மாமாவும் நலமாக இருக்கிறீர்களா?

கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கைப்பேசி அப்பாவிடம் இருக்கிறது. பள்ளி வேலைக்கு மட்டும் தருவார், பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் காகிதம். உன் வேலையிடத்து முகவரியைத் தையல்கடை மங்களம் அக்காதான் கொடுத்தார். நீ பதில் எழுதினால் அவர் கடைக்கே எழுது, உறையின் மேல் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். என் சீருடையைத் தைக்கக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் நிறுத்திவிடுவேன். அதனால் கையெழுத்து அங்கங்கே உடைந்திருக்கும்.

எனக்காக எதுவும் கேட்க இதை எழுதவில்லை. அப்பா ஒரு டிராக்டர் வாங்கப் போகிறார். உனக்கு வண்டி வேலை தெரியும், அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஓட்டிய தொழிற்சாலை பஸ் நின்றுவிட்டது. இப்போது அந்த வழியில் வேறு கம்பெனி வண்டி ஓடுகிறது. அப்பா வீட்டில்தான் இருக்கிறார். வயது ஆனதால் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துவிட்டார். அதை என் படிப்புக்கு வைக்கலாம் என்று அம்மா சொன்னார். அப்பா, "உக்காந்து தின்னா எத்தன மாசத்துக்கு வரும்? கையில ஒரு வண்டி இருந்தா நாலு பேரு எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏத்தக் கூப்பிடுவான்" என்றார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான் பேச்சு.

வண்டி பெம்பான் ரோட்டில் மருதமுத்து அங்கிள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பழைய இங்கிலாந்து வண்டி. ஓடாது. "சின்ன வேலைதான்லா, நீ கை வெச்சா ஒரே நாளு" என்று அவர் அப்பாவிடம் சொல்கிறார். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டல்காரர் தோட்டத்தில் அழகுக்கு நிறுத்திவைக்கக் கேட்டாராம். நம்ம ஆளுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று அவர் காத்திருக்கிறாராம். விலை பன்னிரண்டாயிரம் வெள்ளி. கையில் இருப்பதில் கொஞ்சம்தான் மிச்சமாகும்.

ஓடாத டிராக்டர் என்ன பெறும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடம்பைப் பார்த்துக்கொள். படித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கை
ஷாமினி


செகிஞ்சான்
14 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை ஷாமினிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமா நெல் லாரி ஓட்டுகிறார், நான் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். அறுவடை முடிந்த நேரம், வயலில் உடைந்ததெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

டிராக்டருக்கு வருகிறேன். ஓடாத வண்டிக்கு இரண்டே விலை. உயிர் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இரும்பு விலை. பெயிண்ட்டைப் பார்க்காதே. பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இதைப் பார்:

கியரில் போட்டு இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் முன்னால் விசிறி அசைய வேண்டும். அசைந்தால் இஞ்சின் இறுகவில்லை. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார், எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பின் டயரில் வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று விரலை வைத்துப் பார். இரண்டு பின் டயரும் மாற்றும் காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பார். இஞ்சினின் இரண்டு பக்கமும் விரிசலோ ஒட்டுவேலையோ இருக்கிறதா என்று பார். ஸ்டியரிங் கீழே சின்னத் தகடு இருக்கும், அதில் உள்ள எண்ணை எழுதி அனுப்பு, எந்த வருட வண்டி என்று சொல்கிறேன். தகடு இருந்தால் அழகுக்கு வைக்கிறவர்கள் கூடக் கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது ஏன் நின்றது என்று கேட்க வேண்டும். கடைசியாக ஓட்டியவர் யார், எந்த நாளில், என்ன சத்தம் கேட்டது. விற்கிறவர் அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

ஆனால் நீ அங்கே எப்படிப் போவாய்? முடியாவிட்டால் விட்டுவிடு.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் கேட்க நினைத்தேன். வேண்டாம்.

அன்புடன்
பவானி


ஜாசின்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார். மாமாவையும் கேட்டதாகச் சொல்.

நீ கேட்காமல் விட்டதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை. நீ மாமாவோடு போனதிலிருந்து உன் பெயரை யாரும் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று நாற்காலிதான் இருக்கிறது.

நேற்று அப்பாவே என்னை மோட்டாரில் கூட்டிப்போனார். தகட்டில் இருக்கும் ஆங்கிலத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்றார். தகடு இருக்கிறது. எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்பாவும் மருதமுத்து அங்கிளும் வண்டியைக் கியரில் போட்டு ஆட்டினார்கள். நான் முன்னால் நின்றேன். விசிறி அசைந்தது. "பாத்தியா சிவசாமி, உசுரு இருக்குலா!" என்று அங்கிள் கையைத் தட்டினார். அப்பா பெரிதாகச் சிரித்தார். எண்ணெய்க் கம்பியை நான்தான் உருவினேன். பால்காப்பி மாதிரி இல்லை, தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. டயரில் வெடிப்பு உண்டு, விரலின் நகம் மறையும் அளவுக்குத்தான். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. உள்ளே எறும்புக் கூடு.

வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூசிப் பூசிச் சுவர்ப் பூச்சு மாதிரி தடித்துவிட்டது. மேலே விபூதி, மேலே குங்குமம். நான் கிட்டே போனதும் அங்கிள், "அந்தப் பக்கம் தொடாத மா, முனியாண்டிக்கு நேந்துக்கிட்டது" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் பின்னால் வந்துவிட்டேன்.

ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார். அங்கிள், "ஓட்ட ஆளு இல்ல, நின்னுருச்சு. மனுசன்கூட உக்காந்தா உக்காந்துருவான்ல?" என்றார். அப்பா அதற்கும் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சீக்கிரம் எழுது.

ஷாமினி


செகிஞ்சான்
4 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். தூக்கம் கெட்டுப் படிப்பு கெடப்போகிறது, சுருக்கமாக எழுதினாலும் போதும்.

எண்ணைப் பார்த்தேன். அறுபதுகளில் வந்த வண்டி. தகடும் தகரமும் நன்றாக இருந்தால் அழகுக்கு வைப்பவர்கள் மூவாயிரம் கொடுப்பார்கள். நன்றாக ஓடுகிற நிலையில் இருந்தால் எட்டாயிரம் வரை போகும். பன்னிரண்டு எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது கவனமாகப் படி. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் கறுப்பாக இருக்க வேண்டும். தேன் மாதிரி இருக்கிறது என்றால் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். ஓடாத வண்டிக்கு யாராவது புது எண்ணெய் வாங்கி ஊற்றுவார்களா? பழைய எண்ணெயில் எதையோ பார்த்திருக்கிறார்கள். ரேடியேட்டரும் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் தங்கவில்லை, அதனால் ஊற்றுவதை விட்டுவிட்டார்கள்.

கொதித்து நின்ற இஞ்சினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விட்டுவிடும். இங்கே மாதத்துக்கு ஒன்று வருகிறது. விரிசலில் பசை மண்ணை அப்பி அனுப்புவார்கள். அந்தச் சந்தனத்துக்குக் கீழே அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் துடைத்துப் பார்க்க மாட்டார்கள் இல்லையா. சாமிக்குப் பூசியதை நம் ஆட்கள் யார் துடைப்பார்கள்?

ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார். சாமி ஒன்றும் செய்யாது.

பவானி


ஜாசின்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இன்று விடுமுறை. அப்பா தூங்கவே ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

நான் துடைக்கவில்லை. போன சனிக்கிழமை அப்பாவோடு போனபோது துணியை நனைத்துப் பையில் எடுத்துப் போனேன். கொட்டகையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். கை போகவில்லை. நீ அங்கே இருந்து எழுதிவிடுகிறாய். அது முனியாண்டிக்கு வைத்தது.

நாள் குறித்தாகிவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆயுத பூஜையன்று சாயந்தரம் அங்கேயே படையல் போட்டுப் பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. "நல்ல நாளு, அதவிட வேற நாளு என்னா இருக்கு" என்றார் அங்கிள். இஞ்சினைத் திறந்து பார்ப்பதெல்லாம் மறுநாள் விஜயதசமிக்கு வைத்துக்கொள்ளலாமாம். அப்பாவும் சரி என்றுவிட்டார். ஆயுத பூஜையன்றுதான் நாம் எந்த வேலைச் சாமானையும் எடுக்க மாட்டோமே.

பன்னிரண்டு பதினொன்றாகியிருக்கிறது. அப்பா பேரம் பேசி ஜெயித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார்.

அக்கா, நான் அப்பாவிடம் சொல்லலாம். வண்டியில் விரிசல் இருக்கும்பா, எண்ணெய் புதுசுப்பா என்று சொல்லலாம். அடுத்த கேள்வி, உனக்கு யார் சொன்னது என்பதுதான். அதற்கு என்ன சொல்வேன்? நீ விட்டுப்போன இரும்புப் பெட்டியை அப்பா பழைய இரும்புக்காரரிடம் போட்டதை நான் பார்த்தேன். கோபமாகக்கூட இல்லை. எடைபோட்டு முடியும்வரை நின்றார். கடிதம் வருவது தெரிந்தால் இதையும் அப்படித்தான் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீ இருக்கிறாயா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

சொல்லாவிட்டால் பணம் போகும். சொன்னால் நீ போவாய். அதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இப்போது பரவாயில்லை.

ஷாமினி


செகிஞ்சான்
25 செப்டம்பர் 2024

என் தங்கத்துக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை மாமாவும் படித்தார். படித்துவிட்டு வெளியே போய் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைக்கச் சொன்னது என் தப்பு. மன்னித்துவிடு.

அந்த ஆள் நாளைப் பார்த்துத்தான் குறித்திருக்கிறார். அன்றைக்கு ஸ்பேனரைத் தொட மாட்டார்கள், இஞ்சினைத் திறக்க மாட்டார்கள். பணம் கைமாறிப் படையலும் போட்டுவிட்டால் மறுநாள் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சாமி முன்னால் வாங்கியது.

ஆனால் ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டியைக் கழுவுவார்கள். கழுவாமல் எந்த வீட்டிலும் பொட்டு வைப்பதில்லை. பழைய சந்தனம் அப்போது போகத்தான் வேண்டும், அதில் பாவம் ஒன்றும் இல்லை. நீ வாளியை எடுத்துக்கொள். தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய். பிறகு மிச்சத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு ஒதுங்கி நில். தண்ணீர் ஸ்பேனர் இல்லை. நீ வாயைத் திறக்கவே வேண்டாம். விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே வரும், அப்பா பார்ப்பார். அவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம். இல்லாவிட்டால் நான் நினைத்தது தவறு, வண்டி நல்ல வண்டி.

பயமாக இருந்தால் செய்யாதே. பணம் போனால் போகட்டும், நீ எழுதுவது நிற்கக்கூடாது.

இல்லை. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அது எனக்காக எழுதியது. அது உன் படிப்புப் பணம், போகக்கூடாது.

எது நடந்தாலும் ஒரு வரி எழுது.

பவானி


செகிஞ்சான்
21 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? பூஜை முடிந்து பத்து நாள் ஆகிறது. தபால் தாமதமாக இருக்கலாம். அம்மா எப்படி இருக்கிறார்?

பட்டறையில் நானும் எல்லாச் சாமானையும் கழுவிப் பொட்டு வைத்தேன். முதலாளி சீனர், அவரும் வந்து நின்றுகொண்டு வாழைப்பழம் தின்றார்.

எழுது.

பவானி


செகிஞ்சான்
4 நவம்பர் 2024

ஷாமினி,

தீபாவளிக்கு மங்களம் அக்கா கடைக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். கிடைத்ததா?

அவர் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ வரவே இல்லை என்கிறார். பள்ளிக்குப் போகிறாய், பார்த்தேன் என்றும் சொன்னார். அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டிராக்டர் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

அக்கா


ஜாசின்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பாவும் நலம். உன் இரண்டு கடிதமும் அட்டையும் நேற்றுத்தான் கைக்கு வந்தன. நீயும் மாமாவும் நன்றாகத் தீபாவளி கொண்டாடினீர்களா? இங்கே முறுக்கு மட்டும் சுட்டோம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூஜையன்று நான் பள்ளி முடிந்து வந்தபோது அப்பா புது வேட்டி கட்டித் தயாராக இருந்தார். அம்மாவைப் பக்கத்து வீட்டு ஷாந்தினி அக்கா காரில் ஏற்றிவிட்டோம். நானும் அப்பாவும் மோட்டாரில் போனோம். வழியில் அப்பா, குலை ஏற்றினால் ஒரு நடைக்கு என்ன கிடைக்கும், மழைக்காலத்தில் எந்தப் பாதையில் டிராக்டர் மட்டும்தான் போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம்தான் சொன்னார்.

நாங்கள் போனபோது மருதமுத்து அங்கிள் வாழைக்கன்று வெட்டப் போயிருந்தார். அப்பா பூஜைக்கு வந்தவர்களோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கருப்பாயி ஆன்ட்டிதான் என் கையில் வாளியும் நாரும் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. "ரதம் மாதிரி கழுவிரு மா" என்றார். நான் இடது பக்கத்தைக் காட்டி, அது முனியாண்டிக்கு வைத்தது என்று சொன்னேன். "அதுக்குனு பழைய சந்தனத்து மேலயா புதுசு வெப்பாங்க? இந்த மனுசன் எந்த வருசமும் அந்தப் பக்கம் கழுவ மாட்டாரு, சோம்பேறி. தேய்ச்சு விடு" என்றார்.

நான் தேய்த்தேன். வேறு யாரோ தேய்ப்பது போல இருந்தது. சந்தனம் கட்டி கட்டியாக விழுந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பசை மண் இருந்தது, பெயிண்ட் அடித்தது. நார் பட்டதும் அதுவும் உதிர்ந்தது. நான் நிறுத்தவில்லை.

அங்கிள் வந்து பார்த்ததும் வாழைக்கன்றைக் கீழே போட்டார். "யாரு கழுவச் சொன்னா?" என்று கத்தினார். ஆன்ட்டி, "நாந்தான். ஊரு ஒலகத்துல வண்டி கழுவாம பூச போடுறாங்களா?" என்றார். அங்கிள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஈரத்தின் மேலேயே அவசரமாக அப்பத் தொடங்கினார்.

வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. நான் முன்னால் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினேன்.

"ஏய் ஏய், வேணாம்லா! இன்னிக்கு வண்டிக்குத் தண்ணி ஊத்தக்கூடாது!" என்று அங்கிள் ஓடிவந்தார்.

"ஏன்ணே? நம்ம காலையிலருந்து குடிக்கலியா?" என்றபடி அப்பா மற்றவர்களோடு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவே இன்னொரு வாளி கொண்டுவந்து நிரம்பும்வரை ஊற்றினார்.

அவரே ஊற்றினார், அக்கா. நான் ஒதுங்கி நின்றேன்.

படையல் போட்டார்கள். தட்டில் வெற்றிலை, பழம், பண உறை. சூடம் காட்டும்போது இடது பக்கத்துச் சந்தனத்தில் ஈரம் ஊறி மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. பிறகு சொட்டியது. கருப்பாயி ஆன்ட்டி, "அம்மாடி, வண்டிக்கு வேர்க்குது! முனியாண்டி வந்துட்டாரு!" என்று கும்பிட்டார். இன்னும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்பா கும்பிடவில்லை. சூடம் அணையும்வரை காத்திருந்தார். பிறகு வேட்டி நுனியால் அந்த இடத்தைத் துடைத்தார். ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். உள்ளே இருந்து தண்ணீர் முத்து முத்தாக வந்துகொண்டிருந்தது.

"கழுவுன தண்ணி சிவசாமி, தங்கி நின்னு சொட்டுது" என்றார் அங்கிள்.

"கழுவுன தண்ணி அப்பவே காஞ்சிருச்சுண்ணே. இது உள்ளருந்து வருது."

அப்பா தட்டிலிருந்து உறையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். சத்தம் போடவில்லை. அங்கிள்தான் சத்தம் போட்டார். சாமி தட்டில் வைத்ததை எடுத்துவிட்டான் என்றார். ஹோட்டல்காரருக்கே கொடுத்திருப்பேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொம்பளப் புள்ளைக்கு இஞ்சின் என்னா தெரியும்? தண்ணி ஊத்திப் பாருன்னு எவனோ சொல்லிக் குடுத்துருக்கான். எந்தப் பையன்கிட்ட பேசுற? விசாரிப்பா சிவசாமி. மூத்தது போன வழியில இதுவும் கெளம்பிருச்சு."

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். நானாகத்தான் ஊற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருக்க மாட்டார். அங்கிள் சொன்னதைத்தான் நம்பியிருப்பார்.

"பையன் யாரும் இல்ல. பவானி அக்கா சொன்னாங்க. லெட்டர்ல எழுதினாங்க" என்றேன்.

என் குரல் சாதாரணமாக இருந்தது. வகுப்பில் பதில் சொல்வது மாதிரி.

அப்பா, "என்னா எழுதினா?" என்று கேட்டார். எண்ணெய் புதுசு, ரேடியேட்டர் காய்ந்தது, சந்தனத்துக்குக் கீழே விரிசல் இருக்கும், ஓடினால் எட்டு, ஓடாவிட்டால் மூன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு மோட்டாரை எடுத்தார். திரும்பும் வழியில் நான் பின்னால் உட்கார்ந்து செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மறுநாளிலிருந்து அப்பாவே என்னைப் பள்ளியில் விட்டு, அப்பாவே கூட்டிவருகிறார். கடிதம் எங்கே வருகிறது என்று கேட்கவில்லை. என் பையையும் தேடவில்லை. ஏதாவது சொல்வார், செய்வார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட முடிந்திருக்கும். நான் மங்களம் அக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தன் கால்சட்டை ஒன்றை என்னிடம் கொடுத்து, "பஸ் நிலையத்துக்குப் பின்னாடி மங்களம் கடையில குடுத்துட்டு வா" என்றார். அங்கே கொண்டுபோய் விரித்துப் பார்த்தோம். அதில் தைக்க ஒன்றும் இல்லை. மங்களம் அக்கா அதை மடித்து வைத்துவிட்டு உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தார்.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது, இது என்ன என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம்தான் கடைசியாக இருக்குமோ என்னவோ, அதனால் நீளமாக எழுதிவிட்டேன்.

நீ சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

உன் தங்கை
ஷாமினி


ஜாசின்
2 டிசம்பர் 2024

பவானேஸ்வரிக்கு,

மருதமுத்துவின் வண்டியை நான் எடுக்கவில்லை. ஹோட்டல்காரர் என்று யாரும் இல்லை, விசாரித்தேன். வண்டி அதே கொட்டகையில்தான் நிற்கிறது. விரிசலைக் காட்டியே விற்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பாரா தெரியாது.

நான் தோட்டத்தில் பத்துப் பதினைந்து வருடம் டிராக்டர் ஓட்டியவன். அந்த எண்ணெயை நானும் பார்த்தேன். அந்தச் சந்தனத்தின் பக்கத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்து பேசினேன். துடைக்கத் தோன்றவில்லை.

ஷாமினியின் படிப்புக்கு வேண்டியதைத் தனியாக உன் அம்மா பெயரில் போட்டாகிவிட்டது. அதைத் தொட மாட்டேன். மிச்சத்துக்கு ஆசகானில் இன்னொரு வண்டி பார்த்திருக்கிறேன். இதுவும் ஓடாது. சீனர் வீட்டு வண்டி, சந்தனம் கிடையாது. தண்ணீர் ஊற்றினேன், ஒரு பகல் நின்றும் ஒழுகவில்லை. எண்ணெய் கறுப்பு. கியரில் போட்டு ஆட்டினால் விசிறி அசையவில்லை. ஏன் நின்றது என்று கேட்டேன். ஓட்டிக்கொண்டிருந்த அவர் அப்பா இறந்துவிட்டார், பிறகு யாரும் ஏறவில்லை என்றார். நேராகத்தான் சொன்னார். படங்கள் இதோடு இருக்கின்றன. தகட்டு எண்ணை ஷாமினி எழுதியிருக்கிறாள்.

வாங்கலாமா வேண்டாமா என்று நீ சொல்ல வேண்டாம். இறுகிய இஞ்சினைத் திறந்தால் பிழைக்குமா, பிழைக்காவிட்டால் என்ன பெறும், இதை மட்டும் எழுது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பையில் கடிதத்தை ஒளித்துக்கொண்டு அலைவது சரியில்லை. தையல்கடைக்கு இனிமேல் எழுத வேண்டாம். வீட்டு முகவரி பழையதுதான்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நலமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

சிவசாமி